அழிந்த 29 நாடகங்கள்: பிபிசி ஆவணக் காப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்

பிபிசி ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

1965 அக்டோபரில் தொடங்கி 1971 வரை, நடுநடுவே இடைவெளி விட்டு, பிபிசி 2 அலைவரிசையில் 'அவுட் ஆஃப் தி அன்நோன்' என்றொரு தொடரை ஒளிபரப்பினீர்கள். அறிவியல் புனைகதைகளை நாடகமாக்கிய தொடர் அது. ஒவ்வொரு வாரமும் புதுக் கதை, புது நடிகர்கள், புது உலகம். நான்கு சீசன்களில் மொத்தம் 49 நாடகங்கள். அவற்றில் இன்று முழுதாக இருப்பவை 20. மற்ற 29 இல்லை. சிலவற்றின் துண்டுகள், சிலவற்றின் ஒலி, சிலவற்றின் புகைப்படங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. பலவற்றுக்கு அதுவும் இல்லை.

அழித்தவர்கள் யாரும் இன்று உங்கள் பணியில் இருக்கமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் இருக்கும் 20க்கும் இல்லாத 29க்கும் நீங்கள் இன்றும் செய்யக்கூடியவை உண்டு. அவற்றைக் கேட்கத்தான் இந்த மடல்.

அந்த 20ஐயும் நான் பார்த்திருக்கிறேன். பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2014இல் ஏழு டிவிடிகளாக அவற்றை வெளியிட்டது. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். ஐரோப்பாவுக்கான டிவிடி என்பதால் வீட்டு பிளேயரில் ஓடவில்லை. கடைசியில் கணினியில் போட்டு, ஒரு மாதம், இரவுக்கு ஒன்று என்று பார்த்து முடித்தேன். முதல் நாள் பத்து நிமிடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இதில் விண்கலங்களைப் பார்த்து யாரும் வாய் பிளக்கப்போவதில்லை என்று. ஸ்டுடியோ செட், கருப்பு வெள்ளை, நெருக்கத்தில் முகங்கள். செட் ஆடுகிற இடங்களும் உண்டு. ஆனால் வசனமும் நடிப்பும் என்னை நகரவிடவில்லை.

அதற்குக் காரணம் முதல் இரண்டு சீசன்களின் தயாரிப்பாளர், ஐரீன் ஷூபிக் என்ற பெண்மணி. உங்களிடம் வருவதற்கு முன்பே, 1962இல் பிரிட்டனின் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனத்தில், 'அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' என்ற தொடருக்குக் கதைகள் தேர்ந்தெடுத்தவர் அவர். போரிஸ் கார்லாஃப் அறிமுகப்படுத்திய அந்தத் தொடரின் 13 நாடகங்களில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, ஐசக் அசிமோவின் தொலைந்துபோன ரோபோ கதை. சிட்னி நியூமன் உங்கள் நாடகப் பிரிவுக்குத் தலைவராக வந்தபின் ஷூபிக்கும் பிபிசிக்கு வந்தார். 1964இல் அசிமோவின் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' பீட்டர் குஷிங் நடிக்க நாடகமானதற்கும் அவர்தான் காரணம். அதிலும் சில துண்டுக் காட்சிகள்தான் மிச்சம். பாருங்கள், ஒரே பெண்மணியின் பல ஆண்டு உழைப்பு, அதை எங்கே தொட்டாலும் ஓட்டையாக இருக்கிறது.

அறிவியல் புனைகதை என்றாலே சிறுவர் சமாசாரம் என்று தொலைக்காட்சி உலகம் நினைத்த காலம் அது. ஷூபிக் அசிமோவ், ஜான் விண்டம், ஜே.ஜி. பாலர்ட், ஃபிரெடரிக் போல், ஜான் பிரன்னர் என்று எழுத்தாளர்களின் கதைகளைத் தேடித் தேடி வாங்கினார். எதைப் படிப்பது, யாரைக் கேட்பது என்பதற்கு 'நியூ வேர்ல்ட்ஸ்' இதழை நடத்திய ஜான் கார்னெலிடம் ஆலோசனை பெற்றார். கிடைத்த கதைகளை, சமூக நாடகம் எழுதுகிறவர்களுக்குத் தரும் அதே மரியாதையோடு அரங்கேற்றினார். ஜே.பி. பிரீஸ்ட்லி போன்ற மூத்த எழுத்தாளர், அணுகுண்டுப் போர் பற்றிய 'லெவல் செவன்' நாவலை இந்தத் தொடருக்காக நாடகமாக்கித் தந்திருக்கிறார். 'சம் லேப்ஸ் ஆஃப் டைம்' நாடகத்துக்கு செட் வடிவமைத்தவர் ரிட்லி ஸ்காட். அவர் பின்னாளில் எடுத்த படங்களை உலகமே அறியும். அவை எந்தப் பட்டறையில் தொடங்கின என்பதைக் காட்ட அந்த ஒரு நாடகமாவது பிழைத்தது.

'தி மெஷின் ஸ்டாப்ஸ்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஈ.எம். ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய கதை. 1966இல் பிலிப் சாவில் இயக்கத்தில் அதை ஒளிபரப்பினீர்கள். ஃபார்ஸ்டர் அப்போது உயிரோடு இருந்தார். பூமிக்கு அடியில், தேன்கூட்டு அறை போன்ற அறைகளில், மனிதர்கள் தனித்தனியாக வாழ்கிறார்கள். உணவு, இசை, பேச்சு எல்லாம் எந்திரம் கொண்டுவந்து தரும். ஒரு தாய் தன் அறையில் திரையின் வழியே ஊருலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள். உலகின் மறுபக்கத்தில் இருக்கும் மகன் அவளை நேரில் வரச் சொல்கிறான். திரையில்தான் பார்க்கிறோமே, எதற்கு நேரில் என்கிறாள் தாய். 2020 ஊரடங்கில் இதை இரண்டாம் முறை பார்த்தேன். பக்கத்து அறையில் என் அம்மா, வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட என் தம்பியோடு வாட்ஸ்அப் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டியா, இளைச்சுப் போயிட்டியே என்று. நான் ஒலியைக் குறைத்துவிட்டு, இந்த இரண்டு தாய்களையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாடகம் 1967இல் இத்தாலியின் திரியெஸ்தே அறிவியல் புனைகதைத் திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்றது. பிழைத்திருக்கிறது. அதைப் போல இன்னும் எத்தனை நாடகங்கள் இருந்தன என்று நினைக்கும்போதுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

ஏன் அழித்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு அங்குல வீடியோ டேப் அன்று விலை உயர்ந்த பொருள். அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்பதே அதன் பெரிய வசதி. நடிகர் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தப்படி ஒரு நாடகத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் ஓரிரு முறைதான் மறுஒளிபரப்பு செய்யலாம். அப்புறம் அது வெறும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பொருள். 1967இல் பிபிசி 2 வண்ணத்துக்கு மாறியதும் கருப்பு வெள்ளைக்கு மதிப்புக் குறைந்தது. ஃபிலிமைக் காப்பது ஒரு பிரிவின் வேலை, டேப்பைக் கவனிப்பது இன்னொரு பிரிவின் வேலை, வெளிநாட்டுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகள் மூன்றாவது பிரிவின் கையில். எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்பது யாருடைய வேலையாகவும் இல்லை. 1978 வாக்கில்தான் அழிப்பதை நிறுத்தி, முறையான காப்பகம் அமைத்தீர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஏடு தேடிப் போன கதைதான் நினைவுக்கு வந்தது. அங்கே குப்பையாகக் குவிந்து கிடந்த பழைய ஏடுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார். ஆகமத்தில் சொல்லியபடி நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டோம் என்று பதில் வருகிறது. அலட்சியத்தில் எறிந்தார்கள் என்றால்கூட மனம் ஆறும். முறைப்படி, பக்தியோடு, நெய் வார்த்து எரித்திருக்கிறார்கள். உங்கள் ஊழியர்களும் அப்படித்தான் படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கி, வரிசைப்படி அழித்தார்கள். இரண்டு இடத்திலும் அந்தக் காரியம் தப்பு என்று செய்தவருக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. என் தாத்தா தேவாரம் பாடி, நடுவில் இருமி, "டேய், ஓடுதா அது?" என்று கேட்கும் ஒரு கேசட் இருந்தது. கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே பதிவு செய்ய முடியாது. எங்களில் ஒருவருக்கும் அதை உடைக்கத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வானொலியில் வந்த பாட்டுகளை யாரோ அதன்மேல் பதிவு செய்துவிட்டார்கள். யார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசியில், பாட்டு முடிந்து டேப் தீர்வதற்கு முன், தாத்தாவின் இருமல் மட்டும் இன்னும் இருக்கிறது. அதனால் ஒரு டேப்பின் விலையை என்னால் ஒருபோதும் வெறும் டேப்பின் விலையாகக் கணக்குப் போட முடிவதில்லை.

உங்கள் தொடரிலும் இப்படி ஓர் இருமல் எஞ்சியிருக்கிறது. 1967 புத்தாண்டு நாளில் 'தி பிராஃபெட்' என்ற நாடகத்தை ஒளிபரப்பினீர்கள். அசிமோவின் 'ரீசன்' கதை. விண்வெளி நிலையத்தில் வேலை பார்க்கும் ரோபோ ஒன்று, தன்னை மனிதர்கள் செய்தார்கள் என்பதை நம்ப மறுக்கிறது. இத்தனை பலவீனமான பிராணிகளா என்னைப் படைத்திருக்க முடியும் என்று தர்க்கம் செய்து, நிலையத்தின் சக்தி எந்திரத்தையே தெய்வமாகக் கும்பிடத் தொடங்குகிறது. மற்ற ரோபோக்களும் சேர்ந்து துதி பாடுகின்றன. அந்தத் துதிப் பாட்டை உருவாக்கியவர் மின்னொலிகளை உருவாக்கிய உங்கள் ரேடியோஃபோனிக் பட்டறையின் டீலியா டெர்பிஷயர், 'டாக்டர் ஹூ' என்ற உங்கள் நெடுநாள் அறிவியல் புனைகதைத் தொடரின் முகப்பிசையை மின்னொலியில் உருவாக்கித் தந்த அதே கைக்காரர். நாடகம் போய்விட்டது. பாட்டு இருக்கிறது. ரோபோக்களின் உடைகளும் இருக்கின்றன, இன்னொரு வழியில்: 1968இல் வேறு நிறம் பூசி அவற்றை 'டாக்டர் ஹூ'வின் 'தி மைண்ட் ராபர்' கதையில் பயன்படுத்தினீர்கள். அது பிழைத்திருக்கிறது. ஆக, 'தி பிராஃபெட்' என்ன என்று அறிய விரும்புகிறவர் ஓரிடத்தில் பாட்டைக் கேட்டு, இன்னோரிடத்தில் உடையைப் பார்த்து, அசிமோவின் கதையைப் படித்து, மூன்றையும் மனத்துக்குள் கோத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வேலை பழக்கம்தான். ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாக எங்களிடம் இல்லை. உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதாலும், புறத்திரட்டு போன்ற தொகை நூல்களில் சேர்ந்ததாலும் சில பாடல்கள் பிழைத்தன. கதை என்ன, யார் எப்படி முடிந்தார்கள் என்பதை அந்தத் துணுக்குகளை வைத்துத் தடவித் தடவிப் பார்க்கிறோம். ஆனாலும் ஐந்து என்று எண்ணுவதை நாங்கள் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இன்றும் ஐந்து பெயரையும் ஒப்பிக்கிறார்கள். உங்களிடம் நான் கேட்பதும் அதுதான். 49 என்றே எண்ணுங்கள்.

ஒரு தொடரின் புகழ் அதன் தரத்தால் மட்டும் வருவதில்லை என்பதற்கு அமெரிக்காவின் 'தி ட்விலைட் ஸோன்' சாட்சி. ராட் செர்லிங்கின் அந்தத் தொடர் 1959 முதல் 1964 வரை 156 பகுதிகள் வந்தது. செலவைக் குறைக்க ஆறே ஆறு பகுதிகளை வீடியோ டேப்பில் எடுத்தார்கள். மற்ற எல்லாம் 35 மில்லிமீட்டர் ஃபிலிம். 156ம் இருக்கின்றன. அறுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஓடுகின்றன. அதன் தலைப்பே ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக ஆகிவிட்டது. பிரிட்டனில் 2011இல் 'பிளாக் மிரர்' என்ற தொடர் வந்தபோது எல்லோரும் அதற்குப் பாட்டனாகக் காட்டியது செர்லிங்கைத்தான். நியாயம்தான், அவர் பெரியவர். ஆனால் அதே பிரிட்டனில், அதே மாதிரி வாரத்துக்கொரு கதையாக எந்திரங்களையும் தனிமையையும் பேசிய ஷூபிக்கின் பெயரைச் சொல்ல எத்தனை பேர் இருந்தார்கள்? பார்க்கக் கிடைக்காததை யாரும் பின்பற்ற முடியாது. அவர் 2019இல் காலமானார். தன் நாடகங்களில் பலவற்றைத் தானே மறுபடி பார்க்க முடியாத நிலையில் போய்விட்டார்.

எஞ்சியவை எல்லாம் மாணிக்கம் என்று நான் சொல்லவில்லை. ஷூபிக் விலகிய பிறகு வந்த சீசன்களில், குறிப்பாக 1971இல், கதைகள் பேய், மனநோய் என்று வேறு பக்கம் திரும்பின. 'டு லே எ கோஸ்ட்' பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணைக் காட்டும் விதம் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. அதுவும் இருக்கத்தான் வேண்டும். அன்று அப்படியும் யோசித்தார்கள் என்று தெரிய வேண்டாமா?

மிஞ்சியவற்றில் இரண்டை நீங்கள் அவசியம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று 'தி டெட் பாஸ்ட்', 1965. கடந்த காலத்தைப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. அரசு அதைத் தன் கையில் பூட்டி வைத்திருக்கிறது. பழைய கார்த்தேஜ் நகரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியர் மனுப் போட்டு மனுப் போட்டு அலைகிறார். தீயில் இறந்த மகளை மறுபடி பார்க்க முடியுமா என்று அவர் மனைவி ஏங்குகிறாள். கடைசியில், பூட்டி வைத்ததற்கு வலுவான காரணம் இருந்தது என்று தெரியவருகிறது. கடந்த காலம் என்பது ஒரு நொடிக்கு முன்பும்தானே? அந்தக் கருவி எல்லோர் கைக்கும் போனால் யார் வீட்டுக்குள்ளும் யாரும் பார்க்கலாம். அந்தக் கதையின் காவலருக்கு அப்படி ஒரு நியாயம் இருந்தது. உங்களிடம் இருப்பவை ஊருக்கே ஒருமுறை காட்டிய நாடகங்கள். அவற்றை மறைத்து வைக்க அப்படி எந்தக் காரணமும் இல்லை.

இன்னொன்று 'தி லாஸ்ட் லோன்லி மேன்', ஜான் பிரன்னரின் கதை. 1969இல் வந்த மூன்றாம் சீசனின் 13 நாடகங்களில் முழுதாகப் பிழைத்தது இது ஒன்றுதான். இறக்கும் ஒருவரின் மனம் அப்படியே அவர் தேர்ந்தெடுத்த இன்னொருவருக்குள் போய்க் குடியேறும் காலம் அது. சாவு பயமே யாருக்கும் இல்லை. ஆனால் தன்னை ஏற்றுக்கொள்ள ஒருவரும் முன்வராத ஒரு மனிதன் மதுக்கடையில் உட்கார்ந்து, என்னை வாங்கிக்கொள்ளுங்களேன் என்று கெஞ்சுகிறான். அந்த சீசனின் மற்ற 12ஐயும் நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

இருக்கும் 20ஐயும் உலகத்துக்குத் திறந்துவிடுங்கள். உங்கள் ஐபிளேயர் இணையத்தளம் பிரிட்டனுக்கு வெளியே எங்களுக்குத் திறக்காது. டிவிடி ஓட்டுகிற பெட்டி இனி பெரும்பாலான வீடுகளில் இருக்கப்போவதில்லை. உரிமைச் சிக்கல் உண்டு, எழுத்தாளர்களின் வாரிசுகள், நடிகர்களின் வாரிசுகள் என்று பல கதவுகளைத் தட்ட வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் 2018இல் பதினாறாயிரம் ஒலித்துணுக்குகளை இணையத்தில் திறந்துவிட்டவர்கள் நீங்கள். 1923 முதலான ரேடியோ டைம்ஸ் நிகழ்ச்சிப் பட்டியல்களை 'ஜீனோம்' என்ற பெயரில் 2014இல் எல்லோருக்கும் தந்தவர்களும் நீங்கள்தான். அந்தப் பட்டியலில் 'தி பிராஃபெட்' ஒளிபரப்பான நாளைத் தேடி எடுத்து, நடிகர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறேன். பட்டியலைத் தர முடிந்த கைகளால் நாடகத்தையும் தர முடியும்.

இல்லாத 29க்கும் இணையத்தில் நாடகத்துக்கு ஒரு பக்கம் கொடுங்கள். எது இருக்கிறதோ அது: வசனப்பிரதி, புகைப்படம், செட் வரைபடம், இசை. அன்று டிவியின் ஒலிபெருக்கி பக்கத்தில் மைக்கை வைத்து ஒலியைப் பதிவு செய்த ரசிகர்கள் இருந்தார்கள். அவர்கள் காப்பாற்றிய ஒலியையும் புகைப்படங்களையும் சேர்த்துத்தான் 'தி யெல்லோ பில்' போன்றவற்றை ஓரளவு மீட்டு டிவிடியில் சேர்க்க முடிந்தது. அவர்கள் பெயரும் அந்தப் பக்கத்தில் வரட்டும்.

தனியார் சேகரிப்பாளர்களுக்கு ஓர் உறுதிமொழி கொடுங்கள். குப்பைக்குப் போன ஃபிலிம் சுருள்களை எடுத்துக் காப்பாற்றியவர்களில் பலருக்கு இன்று வயதாகிவிட்டது. இது யாருடைய சொத்து, கேட்டால் பறித்துக்கொள்வார்களோ, வழக்கு வருமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. பிரதி எடுத்துக்கொண்டு சுருளைத் திருப்பித் தருவோம், கேள்வி கேட்கமாட்டோம் என்று எளிதில் கண்ணில் படும் இடத்தில் எழுதிப் போடுங்கள். 2000களின் தொடக்கத்தில் மக்களிடம் வேண்டுகோள் விடுத்துப் பழைய நிகழ்ச்சிகளைத் தேடினீர்களே, அதை மறுபடி தொடங்குங்கள். அடுத்த தலைமுறை அந்தச் சுருள்களை என்னவென்று தெரியாமல் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

வெளியிலும் தேடுங்கள். 'லெவல் செவன்' 2006இல் ஐரோப்பிய ஒளிபரப்பு நிறுவனம் ஒன்றிடமிருந்து கிடைத்தது. 2010இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நாடகங்கள் கிடைத்தன. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து ஒளிபரப்பு நிலையத்திலிருந்து 'டாக்டர் ஹூ'வின் ஒன்பது பகுதிகள் திரும்பி வந்தன. நீங்கள் விற்ற ஃபிலிம் பிரதிகள் போன ஊர்களில்தான் உங்கள் நாடகங்கள் பிழைத்திருக்க வாய்ப்பு இருக்கிறது. 'அவுட் ஆஃப் தி அன்நோன்' நாடகங்கள் எந்தெந்த நாட்டுக்கு, எந்த ஆண்டு விற்கப்பட்டன என்ற பட்டியலை முழுமையாகப் பொதுவில் வையுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1963இலேயே தொலைக்காட்சி வந்துவிட்டது, தமிழ் நிகழ்ச்சிகளும் வந்தன. அங்கே 'டாக்டர் ஹூ'வை வாங்கி ஓட்டியிருக்கிறார்கள். அந்த நிலையங்களில் ஃபிலிம் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தச் சுருள் எங்கே போனது என்று கேட்டால் அவர்களுக்கு நினைவிருக்கும், ஆனால் தலைப்பையும் ஆண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும். பட்டியல் வெளிவந்த அன்றே எனக்குத் தெரிந்த இரண்டு பெரியவர்களுக்குத் தொலைபேசுவேன். ஒருவர் ஈப்போவில் இருக்கிறார், எண்பது வயதைத் தாண்டிவிட்டார், காலையில்தான் தெளிவாகப் பேசுவார்.

இப்படிக்கு,
உங்கள் 20 நாடகங்களைப் பார்த்த, மற்ற 29க்காகக் காத்திருக்கும்
ஒரு பார்வையாளர், சென்னை